மூன்றாவது கியர் இருந்த இடம்

எங்கள் காரில் மூன்றாவது கியர் என் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றவர்கள் காரில் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை, நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு காரில்தான். முதல் கியருக்கு லீவரை இடது பக்கம் முடிந்த மட்டும் தள்ளி, அங்கே உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரின் காலில் இடித்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். இரண்டாவதுக்கும் அதே இடி, ஆனால் பின்னால் இழுக்க வேண்டும். மூன்றாவதுக்கு லீவரை நன்றாக என் பக்கம் சாய்த்து, என் முட்டியை உரசியபடி முன்னால் தள்ள வேண்டும். நான்காவதும் அதே வழிதான், பின்னால். ஐந்தாவது என்று ஒன்று லீவரின் குமிழில் எழுதியிருந்தது. எங்களுக்கு அது கிடைத்ததே இல்லை. ரிவர்ஸுக்கு இரண்டு கையும் ஒரு வசவும் தேவைப்படும்.

இவர் எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு இப்படித்தான் வந்தது. வண்டி வாங்கியபோது கியர் ஒழுங்காக விழுந்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியதில், இவர் கையும் கூடவே மாறிவிட்டது. பொறுமைசாலி மனிதர். பல்செட் செய்வது இவருடைய தொழில். நாள் முழுக்க ஒரு பல்லைத் தேய்த்துப் பார்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பவருக்கு, ஒரு கியரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே தெரிந்திருக்காது.

என் தம்பி இதற்கு நேர் எதிர். பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையாவது பார்த்தால் கை வைக்காமல் அவனால் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடிக்கும் முன்பே கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுவிடுவான். பாசம் வந்தால் மற்றவர்கள் பழம் வாங்கி வருவார்கள், இவன் ஸ்பேனரோடு வருவான். ஆனால் எங்கள் காரை மட்டும் இவர் அவனைத் தொட விட்டதே இல்லை. "உன் தம்பி பஸ்ஸைத் தட்டுற மாதிரி தட்டுவான். நம்ம வண்டி தாங்காது" என்பார். "மாமா அந்த வண்டியை ஷோகேஸ்ல வெச்சுடலாம்" என்பான் அவன். சண்டையெல்லாம் கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்து என்னோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நான் நர்ஸ். எத்தனையோ வருஷமாக வார்டுக்குள்ளேயே நடந்து தேய்ந்தவள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு வரும் வேலை ஒன்று எங்கள் மருத்துவமனையில் காலியானது. நான் அதற்காக ஏங்கினேன் என்றே சொல்லலாம். மருந்து நெடி இல்லாத ஓர் அறையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடம், அவசரமில்லாமல் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பெரிய சிஸ்டர் கறாரானவர். "வேலை உனக்குத்தான். ஆனா லைசென்ஸ் வேணும். இந்த வாரக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பேன், அதுக்கு மேல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஓட்டுநர் தேர்வு வெள்ளிக்கிழமை காலை. அதில் தவறினால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, எப்படி ஓட்டுறேன்னு பார்க்கலாம்" என்று தம்பி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நான் முதல் கியர் போட்டதும் லீவர் அவன் முட்டியில் நச்சென்று இடித்தது. இவராக இருந்தால் காலைத் தானே ஒதுக்கிக்கொள்வார். தம்பி துள்ளினான். பிறகு ஊரைச் சுற்றி வரும் வரை வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பகல் டியூட்டி முடிந்து வீடு திரும்பினேன். ஷெட்டுக்குள் கார் நின்றது. அதன் ஒரு பக்கத்தில் இவர், மறு பக்கத்தில் தம்பி. இரண்டு பேர் முகத்திலும் ஒரு பிரகாசம். இவர் சட்டைக் கையில் கிரீஸ். கல்யாணத்தன்றுகூட இந்த இரண்டு பேரும் இப்படிப் பக்கத்தில் நின்று சிரித்ததை நான் பார்க்கவில்லை.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஏறி உட்காரு" என்றான் தம்பி.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"மாமாவே சாவியைக் குடுத்தாரு" என்றான், அது ஒரு பெரிய விருது போல.

இவர் அசடு வழியச் சிரித்தார். "நாளைக்கு உனக்கு டெஸ்ட். நல்ல வண்டியில போகட்டுமேன்னு மச்சான் சொன்னான். நியாயமாத்தான் பட்டுது."

தம்பி ஒரு பழைய துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்துக் காட்டினான். விரல் நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் புஷ். லீவரின் அடிப்பக்கத்திலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு ராட் போகிறதாம். அது சேரும் இடத்தில் ஆடாமல் பிடித்துக்கொள்ள இந்தப் புஷ். அதன் வட்ட ஓட்டை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் உடைந்தும் போயிருந்தது. "இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டுனீங்க? லீவர் ஒண்ணு சொல்லுது, ராட் வேற ஒண்ணு செய்யுது. புதுசு போட்டு, கிரீஸ் வெச்சு, ராட்டைப் பிடிக்கிற கிளாம்ப்பைச் சரி பண்ணி முறுக்கிட்டேன். இப்ப போட்டுப் பாரு, வெண்ணெய்!"

ஏறி உட்கார்ந்தேன். முதல் கியர் போடும் முன்பே, இடது பக்கம் நான் கொடுத்த தள்ளல் பாதியிலேயே கெட்டியாக நின்றுவிட்டது. தம்பி பக்கத்தில் ஏறிக்கொள்ள, எப்படியோ போட்டுத் தெருவுக்கு வந்தேன். இரண்டாவதும் விழுந்தது. அடுத்து என் கை பழக்கப்படி லீவரை என் முட்டிக்கு இழுத்து முன்னால் தள்ளியது. வண்டி இரண்டு முறை குலுங்கிச் செத்துப் போனது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி அதே கதை. நான்காவதையாவது பார்ப்போம் என்று பின்னால் இழுத்தால் உள்ளே ஏதோ கர்ரென்று உறுமியது.

"அக்கா, நீ போடுறது அஞ்சு! மூணு நடுவுல இருக்கு!"

"எனக்கு மூணு இங்கதான்டா இருந்தது!" என்று என் முட்டியைத் தட்டிக் கத்தினேன்.

திருப்பத்துக்குள் நாலைந்து தடவை நின்றது. நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும் என்பார்கள், கெட்டதும் அப்படி ஒன்றும் லேசில் கையை விட்டுப் போவதில்லை. ஒருவழியாக ஷெட்டுக்குத் திரும்பினேன். விடிந்தால் தேர்வு. இறங்கியதும் இரண்டு பேர் மேலும் எரிந்து விழுந்தேன்.

"நாளைக்கு டெஸ்டை வெச்சுக்கிட்டு இன்னைக்கா கியரை மாத்துவாங்க? ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னை? இத்தனை வருஷம் இந்த வண்டியைத் தொட விடாதவரு, இன்னைக்குப் போய்ச் சாவியைக் குடுத்தாராம்! நீ ஒரு மெக்கானிக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறே, ஓட்டுறவளுக்கும் ஒரு கை இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

தம்பியின் முகம் சுண்டிப் போயிற்று. இவர் மெதுவாக, "என் மேலதான் தப்பு, நான் யோசிச்சிருக்கணும்" என்றார். "இல்ல மாமா, நான்தான் சொன்னேன்" என்றான் தம்பி. திட்டு வாங்குவதில்கூட ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"பழசையே போட்டுடு" என்றேன்.

தம்பி தலையாட்டினான். ஜாக்கி வைத்து, அடியில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து, படுத்து உள்ளே நகர்ந்தான். இவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் படுத்தார். நான் மேலே உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டேன். கீழேயிருந்து கேட்ட பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா, கிளாம்ப் முன்னாடி எவ்வளவு கோணலா இருந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கழட்டினது நீ."

"ஒரு கோடு போட்டு வெச்சிருக்கணும். சரி பண்றதுக்குக் கோடு போடுவாங்க. கெடுக்கறதுக்கு யாரு போடுவா?"

"இன்னும் கொஞ்சம் கெடு. அவளுக்கு மூணு முட்டிகிட்ட வரணும்."

பழைய புஷ்ஷைப் போட்டு முறுக்கினார்கள். நான் லீவரை அசைத்தேன். முதல் கியர் எங்கேயுமே இல்லை. மூன்றாவதைத் தேடினால் ரிவர்ஸ் வந்தது. கிளாம்ப்பை அந்தப் பக்கம் நகர்த்தினான், இந்தப் பக்கம் நகர்த்தினான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கியர் காணாமல் போயிற்று. கடைசியில் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். மூக்கில் கிரீஸ். கண் கலங்கியிருந்தது.

"எதைக் குடுத்தாலும் சரி பண்ணிடுவேன் அக்கா. இதை மட்டும் பழையபடி கெடுக்கத் தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. இந்த இரண்டு பேரும் எனக்காகத் தரையில் மல்லாந்து கிடந்து, ஒரு நல்ல வண்டியைக் கெடுக்க முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. நாளைக்கு அந்த வேலை கிடைத்தால், நான் ஓட்டப்போவது மருத்துவமனையின் ஏதோ ஒரு வண்டியாகவும் இருக்கலாம். அதில் மூன்றாவது கியர் என் முட்டிக்குப் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

"புதுசையே போடுடா" என்றேன்.

"நிஜமாவா?"

"போடு. மனசு மாறிடப்போகுது."

புதிய புஷ் மறுபடி ஏறியது, கிளாம்ப் நேராக முறுக்கப்பட்டது. நான் உடனே தெருவுக்கு எடுக்கக் கிளம்பினேன். இவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ரோட்டுக்குப் போகாதே. புதுப் பல்செட் போட்டவங்களை நான் அப்படியே வெளியே அனுப்ப மாட்டேன். எவ்வளவு கச்சிதமா உட்கார்ந்தாலும் முதல்ல குழறும். பழசு ஆடும், அந்த ஆட்டத்துக்கு நாக்கு பழகியிருக்கும். அவங்களை உட்கார வெச்சு பேப்பரைச் சத்தமா படிக்கச் சொல்லுவேன். குழறல் நின்னப்புறம்தான் வீட்டுக்கு."

"எனக்கு என்ன பல்லா ஆடுது?"

"என்ஜினைப் போடாதே. கிளட்ச்சை மிதி. நான் படிக்கிறேன், எந்த நம்பர் வருதோ அந்த கியரைப் போடு."

சொன்னபடியே அன்றைய பேப்பரை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தார். தம்பி மறுபடி அடியில் படுத்து ராட்டைப் பார்த்துக்கொண்டான்.

"ஒருவழிப் பாதையாக மாற்றம்."

ஒன்று போட்டேன். "சரி!" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

"இரண்டாவது முறையாகத் தள்ளிவைப்பு."

"சரி!"

"மூன்று கடைகளில் திருட்டு."

என் கை தன்னால் முட்டிக்கு ஓடியது. "அஞ்சு, அஞ்சு!" என்று கீழே அலறல். பிறகு தம்பி பொறுமையாகச் சொன்னான்: "அக்கா, மூணைத் தேடாதே. நியூட்ரலுக்கு வந்ததும் கையை எடுத்துடு. உள்ளே ஸ்பிரிங் இருக்கு. லீவரே நடுவுல வந்து நிக்கும். அப்படியே நேரா முன்னால தள்ளு."

கையை எடுப்பதா? பழைய லீவரைக் கையை விட்டால் துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதை நான் குழந்தையின் கழுத்தைப் பிடிப்பதுபோல எப்போதும் பிடித்தே வைத்திருந்தேன். தயங்கிக் கையை எடுத்தேன். லீவர் லேசாகத் துள்ளி நடுவில் வந்து நின்றது. விரலால் தள்ளினேன். உள்ளே போயிற்று.

"சரி!" என்றான் தம்பி. அந்தக் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பேப்பர் முழுவதும் வாசித்தோம். நான்கு வழிச்சாலை, ஐந்து பேர் கொண்ட குழு, மூன்றாம் இடம் பிடித்த பள்ளி. "எழுபது மரங்கள் நடப்பட்டன" என்று இவர் வாசித்ததும், "அது நம்ம வண்டியில இல்லைங்க" என்றேன். இவர் சிரித்த சிரிப்பில் பேப்பர் கிழிந்தது. வரி விளம்பரம் வரை வந்தபோது என் கை முட்டிப் பக்கம் போவது குறைந்திருந்தது. நிற்கவில்லை, குறைந்திருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் இவரோடு ஒரு சுற்று போய் வந்தேன். ஒரே ஒரு தடவைதான் நின்றது. அந்த ஒரு தடவையை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன்.

காலையில் தேர்வு அலுவலகத்தில் இவர்கள் இருவரையும் வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். தேர்வு நடத்த வந்தவர் மெல்லிய கண்ணாடி போட்ட ஒரு பெண். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "கிளம்பலாம்" என்றார்.

ஒன்று, இரண்டு, நன்றாகவே விழுந்தன. கடைத்தெருவைத் தாண்டியதும் சாலை நேராயிற்று, மூன்றாவது போட வேண்டும். என் கை லீவரை முட்டிப் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. பாதியில் சுதாரித்துக்கொண்டு கையை எடுத்தேன்.

"ஏன் கியரை விட்டுட்டீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அதுவே வந்து நிக்கும் மேடம்" என்றேன். நின்றது. தள்ளினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் என்னவோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பிரேக் போட்டு, இரண்டாவதுக்கு இறங்கி, அவர் போனதும் வேகமெடுத்தேன். அந்தப் பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே ஓடிவிட்டது. குலுங்கி நின்றது வண்டி. பின்னால் ஹாரன். தொலைந்தது என்று நினைத்தேன். பெரிய சிஸ்டர் முகமும், அடுத்த ஆளுக்குப் போகும் வேலையும், பெஞ்சில் காத்திருக்கும் இரண்டு முகங்களும் வரிசையாக வந்தன. அந்த இரண்டு முகங்கள்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் தவறினால் தம்பி ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பான். நியூட்ரல் போட்டேன், கிளப்பினேன். ஒன்று. இரண்டு. கையை எடுத்தேன். மூன்று.

அலுவலக வாசலில் நிறுத்தியதும் அவர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கிழித்தார். "ஒரு தடவை நின்னுபோச்சு. மத்தபடி சரியா ஓட்டினீங்க. பாஸ். கார்டு வர்ற வரைக்கும் இதுதான் லைசென்ஸ்" என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். நான் சீட்டை நீட்டினேன். இவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி அருகே கொண்டுவந்து படித்தார். தம்பி படிக்கவே இல்லை. "ஃபெயிலாகியிருந்தா உன் வீட்டு வாசலை இனிமே மிதிச்சிருக்க மாட்டேன் அக்கா" என்றான்.

"அப்புறம் எங்க கதவுக் கீலுக்கு யாருடா எண்ணெய் விடுவா?" என்றேன்.

நேராக மருத்துவமனைக்கு ஓட்டினேன். இருவரையும் வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டரிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து மேஜையில் வைத்தார். கட்டுத் துணி, மருந்து, கையுறை, எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது.

"மேட்டுத் தெருவுல ஒரு அம்மா. கால்ல புண். மத்தியானத்துக்குள்ள கட்டு மாத்தணும். போயிட்டு வா."

"இன்னைக்கேவா சிஸ்டர்?"

"ஏன், நாளைக்குத்தான் லைசென்ஸ் நல்லா பழுக்குமா?"

பையோடு வந்து கார்க் கதவைத் திறந்தேன். "இறங்குங்க ரெண்டு பேரும்" என்றேன்.

"எங்கே போறே?"

"வேலைக்கு."

"நானும் வரேன். பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றார் இவர். "நான் பின்னால குனிஞ்சுக்கிறேன் அக்கா, யாருக்கும் தெரியாது" என்றான் தம்பி. காலில் புண்ணோடு இருக்கும் ஒருவரைப் பார்க்கக் குடும்பத்தோடா போவார்கள்? முறைத்தேன். இறங்கினார்கள். பல்லுக்காரரும் பஸ் மெக்கானிக்கும் நடைபாதையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வீட்டுக்கு எப்படிப் போவது என்பது இரண்டு பேருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் நான் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஒன்று. இரண்டு. கண்ணாடியில் பார்த்தேன். அவர்கள் கையசைக்கவில்லை. இருவரும் காதை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றார்கள். அடுத்த கியர் சத்தத்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

கொஞ்ச தூரம் வேண்டுமென்றே இரண்டாவதிலேயே ஓட்டினேன். தவிக்கட்டும். என்னைக் கேட்காமல் என் கியரை மாற்றியவர்கள்தானே?

பிறகு கையை எடுத்து, மூன்றாவதைப் போட்டேன். கண்ணாடியில் தம்பி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், அவரும் அவனைக் கட்டிக்கொண்டார். மேட்டுத் தெருவுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.